ஆத்தா யோசிக்கிறாள்

துளசிமணி கேட்ட கேள்விக்கு, செல்லாண்டியம்மன் தலையில் வைத்த வெள்ளரளிப் பூ வலது பக்கமும் விழாமல் இடது பக்கமும் விழாமல் நெற்றி வழியாக முன்னால் நழுவி, மூக்குத்தியைத் தாண்டி, மோவாய்க்கு நேரே வந்ததும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மேலே நூல் இல்லை, கீழே ஆதாரம் இல்லை, அம்மனின் கல் மேனிக்கும் பூவுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பூசாரி ராக்கியப்பன் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிலந்தி இழை ஏதாவது இருந்தால் அறுந்து விழட்டும் என்று ஊதுபத்தியைப் பூவுக்கு மேலே ஒரு தரமும் கீழே ஒரு தரமும் வீசிப் பார்த்தார். எதுவும் அறுபடவில்லை, எதுவும் விழவில்லை. பிறகு வெளியே வந்து, மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்துக் காத்திருந்த எங்களைப் பார்த்து, "ஆத்தா யோசிக்கிறா. செத்த நேரம் இருங்க" என்றார். நாங்களும் சரியென்று உட்கார்ந்தோம்.

எங்கள் ஆவாரங்காட்டுவலசு, வெள்ளக்கோவிலிலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் வரும் ஊர்; தண்ணீர் எங்கோ ஆழத்தில் இருக்கும், வெயில் தலைமேலேயே இருக்கும். இங்கே பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. பெண் கொடுக்க, பெண் எடுக்க, தண்ணீருக்குப் போர் போட, எருமை விற்க, அண்ணன் தம்பி பாகம் பிரிக்க, ஏன், பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பலாமா கூடாதா என்பதற்குக்கூடக் கோயிலுக்குப் போய், "பூக் கேக்கோணுமுங்க" என்று சொல்லி நின்றால், பூசாரி பூவைத் தண்ணீரில் நனைத்து அம்மனின் உச்சியில் வைப்பார். காரியம் என்னவென்று அவர் கேட்கக் கூடாது. நாமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். வலது பக்கம் விழுந்தால் ஆகும், இடது பக்கம் விழுந்தால் ஆகாது, கற்பூரம் எரிந்து முடிவதற்குள் விழுந்துவிடும். ஆகும் என்று அவள் சொல்லி முறிந்த கல்யாணங்களும் உண்டு, தண்ணீர் வராத போர்களும் உண்டு. அதற்காக யாரும் அவளிடம் சண்டைக்குப் போனதில்லை. அவள் ஒன்றைச் சொன்னாள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்; சொல்லிவிட்டால் தைரியமாகத் தப்புச் செய்யலாம்.

துளசிமணிக்கு நாச்சிமுத்து அண்ணனின் தேங்காய்க் களத்தில் வேலை. உடைத்த தேங்காயைக் களத்தில் பரப்பிக் காயவைத்து, பருப்பைத் தோண்டியெடுத்து, எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிறவரை அங்கேயிருக்கிற பெண்களை மேய்ப்பது அவள்தான். மேய்ப்பது என்பது அவள் வார்த்தை, எங்களுடையது இல்லை. வானம் கொஞ்சம் கறுத்து, மழை வருமா வராதா என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் 'அள்ளு' என்றோ 'விடு' என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பாதிக்குப் பாதி தப்பாகப் போகும், அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு அந்த வருஷம் வயிறு உப்ப ஆரம்பித்தது. இரண்டு வாய்ச் சோறு உள்ளே போனதும் விருந்து சாப்பிட்ட மாதிரி நிறைந்துவிட்டது, பாவாடை நாடா எட்டவில்லை, அடிவயிற்றில் யாரோ குத்தவைத்து உட்கார்ந்திருப்பதுபோலப் பாரமாக இருந்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தாள். "ஏன்டி துளசி, இந்த வயசுல முழுகாம இருக்கியா?" என்று களத்துப் பெண்கள் கேலி செய்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தாராபுரத்தில் ஸ்கேன் எடுத்த அன்றைக்குச் சிரிப்பு நின்றது. இடது பக்கச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கிறது, சாத்துக்குடி அளவுக்கு இருக்கிறது, பாதி தண்ணீராகவும் பாதி சதையாகவும் தெரிகிறது, கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்றார் டாக்டரம்மா.

"அதுங்களா?" என்று துளசிமணி கேட்டாள். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

"அதுதான்னு சொல்ல முடியாதுங்கம்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது. டெஸ்ட் எல்லாம் பார்க்கணும்."

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல், ஸ்கேன் கவரைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தாள். பூ உச்சியில் ஏறியதும் கண்ணை மூடினாள். மூடிய பிறகுதான் குழப்பம் பிடித்தது. கல்யாணம் என்றால் ஆகும், ஆகாது. போர் என்றால் ஆகும், ஆகாது. நோய்க்கு எது ஆகும், எது ஆகாது? வலது விழுந்தால் 'ஆமாம், அதுதான்' என்று எடுத்துக்கொள்வதா, இல்லை வலதுதான் நல்ல பக்கம் ஆயிற்றே, 'ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார்' என்று எடுத்துக்கொள்வதா? வலது என்றால் நோய் இல்லை என்று வைத்தாள். அம்மன் வழக்கப்படி வலதுக்கு ஆமாம் என்றல்லவா சொல்லுவாள் என்று மாற்றி வைத்தாள். மாற்றியது அம்மனுக்குத் தெரிந்ததோ இல்லையோ என்று மறுபடியும் பழையபடி வைத்தாள். மனசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூ அசைந்துவிட்டது, கண்ணைத் திறந்தால் நடுவில் நிற்கிறது. தான் ஒரு முடிவுக்கு வராததால்தான் அம்மனும் காத்திருக்கிறாள் என்று துளசிமணி நம்பினாள். இதை எல்லாம் முடிந்த பின்னால் அவள் பக்கத்து வீட்டு ருக்குமணியிடம் மட்டும்தான் சொன்னாள். ருக்குமணியிடம் சொன்னால் எங்கள் எல்லாரிடமும் சொன்ன கணக்குத்தான்.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் பூ அங்கேயே நின்றது, அதற்கடுத்த செவ்வாயும் நின்றது, வெள்ளியும் நின்றது, வாடவும் இல்லை, பழுக்கவும் இல்லை. முதலில் கூட்டம் கூடியது, பிறகு பழகிவிட்டது. ராக்கியப்பன் அபிஷேகத் தண்ணீரைப் பின்பக்கமாக ஊற்றக் கற்றுக்கொண்டார், சேலை சாத்தும்போது மடிப்பைப் பூவுக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகக் கற்றுக்கொண்டார், தீபத்தை முழு வட்டம் சுற்றாமல் அரைவட்டத்தோடு திருப்பிக்கொண்டு வரக் கற்றுக்கொண்டார். பூவுக்கு நேர் கீழே ஒரு பித்தளைத் தட்டை வைத்து, விழுந்தது வலதா இடதா என்று பின்னால் தகராறு வரக் கூடாதென்று, தட்டின் நடுவே மஞ்சளால் ஒரு கோடும் இழுத்துவிட்டார். தகராறு அதற்கு முன்பே வந்துவிட்டது. பூ லேசாக வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சிலரும், சாய்ந்திருப்பது நீ நிற்கிற இடம் என்று சிலரும் சொல்லச் சொல்ல, ஊர் வலதுக் கட்சி, இடதுக் கட்சி என்று இரண்டாகி, சம்பந்தி வீடுகளுக்குள்ளேகூடக் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஈரோட்டிலிருந்து யூடியூபுக்காக ஒருவர் கேமராவோடு வந்து படம் பிடித்தார். படத்தில் பூ கல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்தது. "இதுல என்னங்க இருக்குது?" என்று சலித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க, ஆத்தா யோசிக்கிறா" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

எங்கள் கஷ்டம் வேறு. ஒரு கேள்வி முடியாமல் இன்னொரு கேள்வியை எப்படிக் கேட்பது? இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது; ஒருத்தர் யோசித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து பேசுகிறவனை எங்கள் ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள், அம்மனிடம் போய் அதைச் செய்வோமா? பக்கத்து ஊர் அம்மனிடம் போய்க் கேட்டால் நம்மவள் முகத்தில் எப்படி முழிப்பது? ஆகவே எல்லாம் நின்றது. ருக்குமணியின் மகனுக்கு முத்தூர்ப் பக்கம் பார்த்த பெண் வீட்டார் "என்னங்க முடிவு?" என்று போன் மேல் போன் போட்டார்கள், ருக்குமணி கிணற்றுக்குள் இருப்பவள் மாதிரி "ஹலோ, ஹலோ, கேக்கலீங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். நாச்சிமுத்து அண்ணனின் பழைய போர் வற்றி, புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகள் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தன. போர் வண்டிக்காரர் வரட்டுமா வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் துளசிமணி வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தோம். வெறுங்கையோடு போகாமல் முருங்கைக்காயோ கொஞ்சம் வெண்ணெயோ எடுத்துக்கொண்டு போய், வெயிலைப் பற்றிப் பேசி, மாட்டைப் பற்றிப் பேசி, கடைசியில், "உன்ற காரியம் என்னாச்சு கண்ணு?" என்று மெதுவாகக் கேட்போம். அவள் முருங்கைக்காயை வாங்கி வைத்துக்கொண்டு பேச்சை மறுபடியும் மாட்டுக்கே திருப்பிவிடுவாள்.

சொல்லாததற்குக் காரணம் அவள் புருஷன் சென்னியப்பன். அவர் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி 'காயில்' கட்டுகிறவர். பூ நின்ற அன்று சாயங்காலம், அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது துளசிமணி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, வயித்துல ஒரு கட்டி இருக்குதாமா."

"என்ன கட்டி?"

"தெரியலையாமா."

"தெரியலைன்னா? படம் புடிச்சாங்கல்ல?"

"கட்டி இருக்கறது படத்துல தெரியுதாமா. என்ன கட்டின்னு தெரியலையாமா."

சென்னியப்பன் கம்பியைக் கீழே வைத்தார். மோட்டாரில் மீட்டரை வைத்தால் முள் நகரும், அல்லது நகராது. எரிந்திருக்கிறது, அல்லது நன்றாக இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று இருப்பதை அவர் கண்டதில்லை. கம்பியை மறுபடியும் கையில் எடுத்து, "ஊருக்குள்ள வாயத் தொறக்காத. அதுதான்னு தெரியட்டும், அப்பச் சொல்லிக்கலாம்" என்றார்.

"அது இல்லைன்னு தெரிஞ்சா?"

"அப்ப எதுக்குச் சொல்றது?"

இப்படித்தான் அதைச் சொல்வதற்கென்று ஒரு நேரமே இல்லாமல் போயிற்று. கோயமுத்தூருக்குப் போகும்போதெல்லாம் கல்யாணத்துக்கு என்றோ காது குத்துக்கு என்றோ சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவேளை இவர்களுக்கு மட்டும் மார்கழியிலும் சொந்தக்காரர்கள் கல்யாணம் வைக்கிறார்களோ என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அங்கே ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு எண் இருக்க வேண்டியதைவிட ஏறியிருந்தது, ஆனால் அந்த எண் வேறு காரணங்களுக்கும் ஏறும் என்றார்கள். குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்து, தறிக் குடோனுக்குள் தலையைக் கொடுத்ததுபோல நெடுநேரம் கடகடவென்று சத்தம் போட்டுப் படம் எடுத்தார்கள். படத்தில் சில இடம் நன்றாக இருக்கிறது, சில இடம் சந்தேகமாக இருக்கிறது என்றார்கள். "நூத்துக்கு எத்தனைன்னாச்சும் சொல்லுங்க" என்று சென்னியப்பன் கெஞ்சினார். அங்கேயிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. "நூத்துக்கு எத்தனைன்னு நான் சொன்னாலும், உங்க வீட்டம்மாவுக்கு அதனால ஒண்ணும் தெரியப் போறதில்லைங்க. ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்து, டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும்" என்றார்.

ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் துளசிமணி கோயில் வாசலில் நின்று பூ நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள், அவள் பார்ப்பதை நாங்கள் பார்ப்போம். ஒரே பகலில் அவள் பத்துத் தரம் நோயாளியானாள், பத்துத் தரம் குணமானாள். தேங்காயைப் பரப்பிக்கொண்டே தன் சேலைகளில் எது யாருக்கு என்று மனசுக்குள் பிரித்துக் கொடுப்பாள். அந்த வரிசை முடிவதற்குள் தைப் பொங்கலுக்குச் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று யோசிப்பாள். கலரை யோசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள், ஆத்தா கேட்டுக்கொண்டிருந்தால் இவளுக்கு என்ன கொழுப்பு என்று நினைக்க மாட்டாளா என்று. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், தொட்டுவிட்டோமே என்று பயந்து கையை எடுப்பாள். ஒருநாள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பெண்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வானத்தைப் பார்த்தாள், களத்தைப் பார்த்தாள், மறுபடியும் வானத்தைப் பார்த்தாள்; "வரும்னும் சொல்ல முடியல, வராதுன்னும் சொல்ல முடியல" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மழை கொட்டி, களத்துப் பருப்பு முழுதும் நனைந்துபோயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. நாச்சிமுத்து அண்ணன் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினார், ஆனாலும் தோள் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அம்மிணி, பருப்பு போனாப் போகுது. உன்னையக் குத்தம் சொல்லறதுக்கில்ல. ஆனா நீ கேட்டதைத் திரும்ப வாங்கிக்கோ. ஆத்தா, எனக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு, பூ விழுந்துரும். எத்தன பேரு உனக்குப் பின்னால நிக்கறாங்க பாரு."

துளசிமணி சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப வாங்க முடியாதுங்கண்ணா."

"அப்படி என்னத்தத்தான் கேட்டுப்போட்டே?"

வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று பூசாரி பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். அவள் அவரைக் கையால் ஒதுக்கினாள்.

"என்ற வயித்துல கட்டி இருக்குது. அது கேன்சரா, இல்லையான்னு கேட்டேன். டாக்டருக்குத் தெரியல, அதான் இவகிட்ட வந்தேன். வந்த நாள்ல இருந்து எனக்கு ஒண்ணும் புரியலீங்கண்ணா. வெடியால முழிச்சா செத்த நேரம் மறந்திருக்குது, அப்புறம் ஞாபகம் வந்துருது. பயமா இருக்குது."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம். ஒண்ணும் இருக்காது கண்ணு. என் சித்தி மகளுக்குத் தேங்காய் அளவு இருந்தது, ஒண்ணுமில்லைன்னு போயிருச்சு. உன்ற நல்ல மனசுக்கு ஒண்ணும் வராது. வலதுக் கட்சியும் இடதுக் கட்சியும் முதல் தடவையாக ஒரே குரலில், ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது என்றோம்.

"இருக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று துளசிமணி கத்தினாள். "ஆத்தாளே இன்னும் யோசிச்சுக்கிட்டு நிக்கறா. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இன்னொருக்கா யாராச்சும் ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னீங்கன்னா நான் இங்கயே உளுந்து செத்துப்போவேன்!"

கத்திவிட்டு அழுதாள். ருக்குமணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வழக்கம்போல ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள். நாச்சிமுத்து அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார், போனை எடுத்தார், போர் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "இப்பத்திக்கு வர வேண்டாம்" என்றார். "எப்ப வர்றதுங்க?" என்று அந்தப் பக்கம் கேட்டது எங்களுக்கே கேட்டது. "தெரியலப்பா" என்று வைத்துவிட்டு, "தென்னம்பிள்ளை காஞ்சாக் காயட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் புதிதாக ஒன்றைப் பழகினோம், அந்தரத்தில் நிற்கிற பூவைப் பழகியதைவிட அது கஷ்டமாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியலதான் கண்ணு" என்று சொல்லப் பழகினோம். வாய் தானாக 'ஒண்ணும்' என்று தொடங்கும், நாக்கைக் கடித்துக்கொள்வோம். தெரியலதான் என்று சொன்னபிறகு பேச வேறொன்றும் இருக்காது, அதனால் கூடவே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக் கொடுத்துவிட்டு வருவோம். முத்தூர்ப் பெண் வீட்டாரிடம்கூட ருக்குமணி, "எங்களுக்கே இன்னும் தெரியலீங்க, இருக்க முடிஞ்சா இருங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள், அவர்களும் என்னவோ காத்திருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு இந்தத் தடவை கல்யாணம், காது குத்து என்று எதுவும் சொல்லாமல், நாங்கள் எல்லாரும் பஸ் ஏற்றிவிட, இருவரும் போனார்கள். கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை, டெஸ்ட் முடிவு வரவேண்டும் என்று சென்னியப்பன் போனில் சொன்னார். நாங்கள் கோயிலில் அந்தப் பித்தளைத் தட்டுக்குப் பக்கத்தில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவர் எங்களைக் கூப்பிட்டு, "விழுந்துச்சுங்களா?" என்று கேட்பார், நாங்கள், "முடிவு வந்துருச்சுங்களா?" என்று கேட்போம், இல்லை, இல்லை என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு வைப்போம். மருத்துவம் முந்துமா ஆத்தா முந்துவாளா என்று பந்தயம் கட்ட நினைத்தவர்கள்கூடக் கட்டவில்லை, எந்தப் பக்கம் கட்டுவதென்று தெரியாமல்.

மருத்துவம்தான் முந்தியது. அந்தச் சின்ன வயது டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, காகிதத்தைப் படித்து, 'பார்டர்லைன்' என்று ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"அப்படின்னா கேன்சருங்களா?" என்றார் சென்னியப்பன்.

"கேன்சர்னு சொல்ல மாட்டோம்."

"அப்ப இல்லைங்களா?"

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லி அனுப்பவும் மாட்டோம். ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு வகை இருக்குதுங்க. முழுசா எடுத்தாச்சு, அது நல்ல விஷயம். பெரும்பாலும் திரும்ப வராது. வந்தாலும் வரலாம். அதனால விடாம வந்து காட்டிக்கிட்டே இருக்கணும்."

"எத்தன நாளைக்குங்க?"

"வருஷக்கணக்கா" என்றார் டாக்டர். அன்பாகத்தான் சொன்னார்.

அவர்கள் திரும்பி வந்த அன்று ஊரே கோயிலில் இருந்தது. அவள் வாசல்படியில் கால் வைத்ததும் பூ விழுந்துவிடும் என்று எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் படியேறினாள், தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அம்மனுக்கு எதிரில் வந்து நின்றாள், பூ விழவில்லை. சென்னியப்பன் டாக்டர் சொன்னதைச் சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னோம். "அப்ப நாங்க சொன்னதுதான்" என்றது வலதுக் கட்சி, "நாங்க சொன்னதுதான்" என்றது இடதுக் கட்சி, பிறகு இரண்டு கட்சியும் தாங்கள் என்ன சொன்னோம் என்பதையே மறந்து முழித்தன. அதெப்படி நடுவில் ஒன்று இருக்கும் என்று நாச்சிமுத்து அண்ணன் கேட்டார். துளசிமணி அம்மன் முகத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றவள், திடீரென்று வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இவ யோசிக்கவே இல்லீங்கண்ணா. அன்னைக்கே சொல்லிப்போட்டா. அதோ நிக்குது பாருங்க, அதுதான் பதிலு. நாமதான் காத்துக்கிட்டு இருந்துபோட்டோம்."

பூசாரிக்கு வேர்த்துவிட்டது. வேறொரு பூவை எடுத்து நனைத்து, அம்மன் உச்சியில் வைத்து, "நாச்சிமுத்து, நெனச்சுக்க" என்றார். கற்பூரம் பற்றுவதற்கு முன்பே பூ இடது பக்கம் பொத்தென்று விழுந்தது. போர் ஆகாது. நாச்சிமுத்து அண்ணன் அந்தப் பூவை எடுத்து வைத்துக்கொண்டு, "இதை அப்பவே கேட்டிருக்கலாமே, யாராச்சும் இன்னொரு பூவ வெச்சுப் பாத்தீங்களாடா?" என்று எங்கள் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவரும் வைத்துப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ருக்குமணி அவரை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போனாள், அவளுக்குப் பின்னால் எருமைக்காரர்கள், பாகக்காரர்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் என்று ஊர் முழுதும் முண்டியடித்தது, அரளிப் பூக்கள் வலதும் இடதுமாக விழ விழ, ஆகும், ஆகாது, ஆகும் என்று பூசாரி கத்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் துளசிமணியைச் சுவரோரம் தள்ளிவிட்டது. சென்னியப்பன் அவள் கையைப் பிடித்தார். ஊருக்கு முன்னால் அவர் அப்படிப் பிடித்ததை நாங்கள் பார்த்ததில்லை. "நல்லதுதானே புள்ள? கெட்டதுன்னு சொல்லலையே?" என்றார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை கேக்கோணும்னுதான் மாமா இவகிட்ட வந்தேன்" என்றாள் அவள். சிரிப்பு போய்க் கண் நிறைந்திருந்தது. "அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டீங்கறாங்க."

கேட்டவருக்கே பூ என்பது வழக்கம். கூட்டம் குறைந்ததும் ராக்கியப்பன் அந்தரத்தில் நின்ற பூவை எடுத்துக்கொடுக்கப் பார்த்தார், அவர் பிடிக்கு அது அசையவில்லை. துளசிமணி தானே கையை நீட்டினாள். செடியிலிருந்து பறிக்கிற மாதிரி லேசாக ஒரு இழுப்பு இழுத்தாள், பூ வந்துவிட்டது. கொண்டையில் செருகினாள். செருகியதும் பூ மயிரை விட்டு ஒரு விரல் தள்ளி, பின்னால் அந்தரத்தில் நின்றுகொண்டது. அவள் திரும்பினால் அதுவும் திரும்பியது, நடந்தால் கூடவே வந்தது. தேங்காய்க் களத்தில் குனிந்து நிமிரும்போதும் அப்படியே நிற்கிறது, மேற்கே கறுத்து அவள் 'அள்ளு' என்று கத்தும்போதும் நிற்கிறது, எங்கள் ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகக் கோயமுத்தூர் பஸ் ஏறினால் மட்டும், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒரு பெண் பதறிப்போய் அவள் தோளைத் தொடுவாள்.

"ஏனுங்கக்கா, உங்க பூ நழுவுது. விழுந்துரும் போல இருக்குதுங்க."

"தெரியல கண்ணு" என்பாள் துளசிமணி. "விழுந்தாச் சொல்லு."